சிவப்புக் கயிறு கட்டிய கிடா

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு வகுப்புக்குப் போய்விட்டேன். நேற்று ராத்திரி வரைக்கும் போவதில்லை என்றுதான் இருந்தேன். எருமைக் கிடா வளர்க்க ஒரு படிப்பா? இத்தனை வருஷமாகக் கட்டுத்தரையில் நான் என்ன, மயில் வளர்த்துக்கொண்டிருந்தேனா? ஆனால் தரச் சான்று இல்லாதவர்களிடம் பாலக்காட்டுக் கம்பெனி இனிமேல் கிடா எடுக்காது என்று வெள்ளியங்கிரி வந்து சொன்னதும் வாயை மூடிக்கொண்டு பெயரைக் கொடுத்தேன். வெள்ளியங்கிரி பக்கத்துத் தோட்டக்காரர். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரர் இவரை மாமா என்பார், எங்கள் இரண்டு பேரையும் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

கம்பெனி லாரி தோட்டத்துக்கே வந்து, எடை போட்டு, ஏற்றிக்கொண்டு போகும். அது இல்லையென்றால் பழையபடி பொள்ளாச்சிச் சந்தை. அங்கே தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். காதோரமாக ஏதோ சொல்வார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். போன தை மாதம் இரண்டு நல்ல கிடாக்களை அப்படித் தலையாட்டியே கொடுத்துவிட்டு வந்தார். சந்தையில் இரைச்சல் ஜாஸ்தி, மனுஷன் என்ன செய்வார். இனி அவரைச் சந்தைக்கு அனுப்பக் கூடாது. அதற்கு எனக்கு அந்தச் சான்று வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்தான்.

பால் சொசைட்டி மாடியில் வகுப்பு. பாடம் எடுக்கிறவர் டாக்டர் பியூலா. நாகர்கோவில்காரப் பெண், மாட்டு டாக்டர். எடுத்த எடுப்பில் கேட்டார்: "நீங்கல்லாம் கெடா எதுக்கு வளக்குறீங்க?"

"சந்தைக்குங்க."

"சந்தையில இருந்து?"

"கேரளாவுக்குங்க."

"அங்க கொண்டுபோயி என்ன செய்வாங்க? பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம். கிடாவை விற்போம், அதன் கழுத்துக் கயிற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வோம். கயிற்றோடு கொடுத்தால் கட்டுத்தரை விருத்தியாகாது. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டு போவான். அப்புறம் அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

"கறிக்குன்னு சொல்லுங்க. ஒரு வீட்டுல ஒரு சின்னப் பிள்ளை அதைத் திங்கும். அந்தப் பிள்ளைய நெனச்சு வளக்கணும், கேட்டியளா?" என்றார் டாக்டர். சுருக்கென்று இருந்தது. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாரல். கட்டுத்தரை ஒழுகுகிறது. ஓடு மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது? "சரி சரி" என்கிறார், மாற்றத்தான் காணோம்.

ஜூன் 12, வியாழன்

ஊசியைத் தொடையில் போடக் கூடாதாம். கழுத்தில்தான் போட வேண்டுமாம். தொடையில் போட்டால் அந்த இடத்துக் கறி கட்டி தட்டிப்போகும், நல்ல கறி அங்கேதான் இருக்கிறது, வெட்டி எறிய வேண்டும். வளைந்த ஊசியை நிமிர்த்திப் போட்டால் உள்ளேயே முறிந்து நிற்கும், பிறகு யார் பல்லிலாவது மாட்டும். கேட்கக் கேட்க எனக்கு வேர்த்தது. இதுநாள் வரைக்கும் நாங்கள் தொடையைத் தவிர வேறு இடத்தில் குத்தியதே கிடையாது.

வெள்ளியங்கிரி எழுந்து, "எங்களுக்கெல்லாம் ஆசுபத்திரில இடுப்புலதானுங்க டாக்டர் போடறாங்க?" என்றார்.

"உங்கள யாரும் கறிக்கு எடுக்கப் போறதில்ல அண்ணா, நீங்க பயப்படாதீங்க" என்றார் டாக்டர். சொசைட்டி மாடியே அதிர்ந்தது.

இன்னொரு நேரம் யாரோ பாடத்தைக் கவனிக்காமல் இருந்ததற்கு வெள்ளியங்கிரி, "செவுடன் காதுல ஊதுன சங்கு" என்றார். எனக்கு ஏனோ அந்தப் பழமொழியே பிடிப்பதில்லை. "வேற பழமொழியே கெடைக்கலையாக்கு உங்களுக்கு?" என்று கடித்துவிட்டேன். அவர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். பாவம், அவர் என்னைச் சொல்லவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னான், பரீட்சைக்குப் படிக்கிறானாம். எனக்குச் சத்தமாக வைத்தால்தான் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். இவர் பாட்டுக்குச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 16, திங்கள்

மானம் போயிற்று.

இன்றைக்கு மாட்டை நடத்தும் பாடம். சொசைட்டிக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்கு வெள்ளியங்கிரியின் கிடா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். குச்சி கூடாது, வாலை முறுக்கக் கூடாது, சத்தமும் கூடாது. மிரண்டுபோய்க் கம்பியில் மோதினால் உள்ளுக்குள்ளே ரத்தம் கட்டிக் கறி கறுத்துப்போகும். கிடாவின் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று ஓர் அடி எடுத்து வைத்தால் அது தானாக முன்னால் போகும், தலைக்கு நேரே வந்தால் நின்றுவிடும். டாக்டர் செய்து காட்டினார். அந்தத் தடிமாடு கல்யாணப் பெண் மாதிரி நடந்தது.

"கலாமணி அக்கா, நீங்க வாங்க."

போனேன். தோளுக்குப் பின்னால் நின்றேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கூடவே வாய் தானாகத் திறந்துகொண்டது: "ஹேய்ய்ய்! நட!"

கிடா வாளியைக் கவிழ்த்து, டாக்டரின் செருப்பை மிதித்து, வேலியோரம் போய் நின்று என்னைப் பார்த்தது. வெள்ளியங்கிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா கூப்புட்டா பாலக்காட்டுக்கே கேக்குமுங்க டாக்டர். கெடா லாரி இல்லாமயே போயிச் சேந்துரும்" என்றார்.

"வீட்டுலயும் இப்படித்தானாக்கா பேசுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தோட்டங்காடுங்க டாக்டர். இந்த மூலைல இருந்து அந்த மூலைக்குக் கேக்கோணுமுல்ல" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மெல்லப் பேசுகிறவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் மாமியார், "புள்ளைக்கு வாய் இருக்குதா?" என்று என் அம்மாவிடம் கேட்டாராம். இந்த நாலைந்து வருஷமாகத்தான் குரல் இப்படிப் பெருத்துவிட்டது. வயசானால் சிலருக்கு அப்படி ஆகும்.

திரும்பி வரும்போது வெள்ளியங்கிரி, "நேத்து ரோட்டுல மாமாவுக்குப் பின்னால இருந்து ஆரன் அடிச்சேன், அடிச்சேன், திரும்பவே இல்லீங்கக்கா" என்றார். காத்து அப்படி அடிக்கிறது என்று சொன்னேன். ஆனி மாதக் காற்றில் எதுதான் கேட்கும்.

இவருடைய அப்பா பெயர் மாரப்பன். ஊருக்குச் செவிட்டு மாரப்பன். செத்த அன்றைக்கு ஆட்டோவில் மைக் கட்டி, "செவிட்டு மாரப்பன் காலமாகிவிட்டார்" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்கள். இவர் பாதையில் போய் நின்று ஆட்டோவை மறித்து, அறிவித்தவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு சாதுவான மனுஷன் கையை ஓங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இவர் அப்பாவைக் கொண்டு பிறக்கவில்லை. அம்மா ஜாடை.

ஜூன் 20, வெள்ளி

தொங்குகொம்புக் கிடாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சோளத்தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரையே வரச் சொன்னேன். வந்து கழுத்தில் ஊசி போட்டார். நானே தலையைப் பிடித்துக்கொண்டேன், சத்தம் போடாமல்.

"ஒரு மாசம் ஆவாம இதைக் கறிக்கு விடக் கூடாதுக்கா. மருந்து உடம்புல இருக்கும். சாப்பிடறவங்களுக்கு ஆவாது, கேட்டியளா?" என்றார். காதில் போடுகிற அடையாள வில்லை எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் மருந்து போட்ட மாட்டுக்குச் சிவப்புக் கயிறு என்பது வகுப்பில் செய்துகொண்ட ஏற்பாடு. நீலக் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சிவப்பைக் கட்டினேன்.

இவர் அந்தப் பக்கம் மிஷினில் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, செகப்புக் கயிறு கட்டுனது ஒரு மாசத்துக்குப் போகக் கூடாதுங்க!" என்று கத்தினேன். "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டினார். டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவுரு அதிகம் பேச மாட்டாருங்க" என்றேன்.

எருமை மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறார் என்று இவரைப் பற்றி என் அண்ணன் சொல்வான். எருமை வளர்க்கிற எனக்குத் தெரியும், மழை பெய்தால் எருமைக்கு நன்றாகவே உறைக்கும். அது காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 25, புதன்

கேள்வி பதில் பரீட்சை. தேறிவிட்டேன்! வெள்ளியங்கிரியும் தேறிவிட்டார், ஆனால் என்னைவிடக் குறைவு. முதல் லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், அந்த வெள்ளிக்கிழமையே கையில் சான்று. கேசரி கிண்டினேன். "என்ன விசேஷம்?" என்றார் இவர். காலையிலேயே சொன்னேனே என்று எரிச்சல் வந்தது. மறுபடியும் சொன்னேன். சந்தோஷப்பட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஜூலை 1, செவ்வாய்

கிடாக்களைத் தண்ணித் தொட்டிக்கு ஒரு சத்தமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போனேன். ஏழும் வரிசையாகப் போயின. எனக்கே நம்ப முடியவில்லை. அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் வந்து, "என்ன புள்ள, தொண்டை கட்டிக்கிச்சா? மொளகு ரசம் வெச்சுக் குடி" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஜூலை 7, திங்கள்

நாளைக்கு லாரி. ஆறு போக வேண்டும், சிவப்புக் கயிறு நிற்க வேண்டும். பார்த்து நாளைக்குத்தானா பெரியம்மா கருமாதி வர வேண்டும்! உடுமலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் சாகும் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அவரிடம் விவரமெல்லாம் சொல்லியாயிற்று. "நாம் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதினால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

காலையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து இன்னொரு தடவையும் சொன்னேன். முன்பக்க ஆசாரத்தில் உட்கார்ந்து "ம்" என்றார். பஸ் பிடித்துப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து நேராகக் கட்டுத்தரைக்குப் போனேன்.

சின்னக் கிடா நின்றுகொண்டிருந்தது. சின்னக் கிடா! நீலக் கயிறு கட்டியது. மற்ற ஆறும் இல்லை. மரத்தூணில் ஆறு கயிறுகள், கழுவி, மஞ்சள் தொட்டு, காயப்போட்டிருந்தன. நடுவில் சிவப்பு.

"ஏனுங்க! செகப்புக் கயிறு எங்கீங்க?" தொண்டை கிழியக் கத்தினேன்.

தூணைக் காட்டினார். "கயிறு ஒண்ணுகூட விடுல, எல்லாம் கழட்டி வெச்சுட்டேன். சின்னது இன்னஞ் சித்தெ சதை புடிக்கட்டும்னு நிறுத்திக்கிட்டேன்" என்றார், பெருமையாக.

நியாயமான யோசனை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கிடாவை விற்றால் கயிற்றைக் கழற்றுவது அவருக்கு அவர் அப்பா காலத்து வழக்கம். லாரிக்காரன் கொண்டுவந்த வெள்ளைக் கயிற்றைக் கட்டிவிட்டால் ஆறும் ஒன்றுபோல்தான்.

"சொன்னேனே! நேத்துச் சொன்னேன், காலைல சொன்னேன், ஊசி போட்ட அன்னைக்கே சொன்னேன்!"

அவர் என் வாயையே பார்த்தார். "எப்பச் சொன்னே?" என்றார்.

வெள்ளியங்கிரி சத்தம் கேட்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேசாம இருங்கக்கா. ஒரே ஒரு கெடா. காச்சலும் போயிருச்சு. யாருக்குத் தெரியப் போவுது? வெள்ளிக்கெழமை சான்று கைக்கு வந்துரும். இப்பப் போயிச் சொன்னா அதுவும் போச்சு, லாரியும் போச்சு. மறுக்கா மாமாவச் சந்தைக்குத்தான் அனுப்போணும்" என்றார்.

அவர் சொன்னது நல்லதுக்குத்தான். அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சின்னப் பிள்ளை வந்துவிட்டது. டாக்டர் முதல் நாள் சொன்ன பிள்ளை. யாரோ, எவரோ, பெயர்கூடத் தெரியாது, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பாழாய்ப்போன பிள்ளை, எழுந்து போகவே இல்லை. டாக்டருக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். தொங்குகொம்பை வெட்டாமல் நிறுத்திவிட்டார்களாம்.

ஜூலை 9, புதன்

அதே லாரியில் தொங்குகொம்பு திரும்பி வந்தது. இவர் இறக்கிக் கட்டினார். சிவப்புக் கயிற்றை அவரே எடுத்துக் கட்டினார். மத்தியானம் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 10, வியாழன்

நாளைக்கு விசாரணைக்கு வருகிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

பதினோரு மணிக்குக் கம்பெனியின் சாக்கோ சாரும் டாக்டர் பியூலாவும் வந்தார்கள். சாட்சிக்கு என்று வெள்ளியங்கிரியும் வந்து நின்றுகொண்டார். சாக்கோ சார் நரைத்த மீசைக்காரர், நல்ல மாதிரி. கட்டுத்தரையைச் சுற்றிப் பார்த்தார், தண்ணித் தொட்டியைப் பார்த்தார், ஊசி போடும் இடத்தைக் கேட்டார். எல்லாம் சுத்தம் என்று சொன்னார். மோர் கொடுத்தேன். இவர் கட்டுத்தரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சேச்சி, போன் பண்ணிச் சொன்னதுக்கு நன்றி. நூத்துல ஒரு ஆள் சொல்ல மாட்டாங்க. பக்ஷே, ஒரு காரியம் கேக்கணும்" என்றார் சாக்கோ சார். "எங்க டிரைவர் ஏத்தும்போது சேட்டன்கிட்டக் கேட்டிருக்கான், இதுல மருந்து போட்ட மாடு உண்டோன்னு. சேட்டன் சிரிச்சிட்டு, சரி சரின்னு ஏத்தச் சொல்லியிருக்கார்."

அது எனக்குத் தெரியாது.

"ரெண்டுல ஒண்ணுதான். நீங்க அவருகிட்ட சொல்லாம போயிருக்கணும். அப்படின்னா பயிற்சி எடுத்தும் தப்பு உங்களோடது, ஒரு வருஷத்துக்குச் சான்று கிடையாது. இல்ல, நீங்க சொல்லியும் அவரு வேணும்னே ஏத்தியிருக்கணும். அப்படின்னா இனி அவரு மாட்டத் தொடக் கூடாது. அத எழுதிக் கையெழுத்துப் போட்டா, சான்று இன்னைக்கே தர்றேன். எது நடந்தது?"

சான்று அவர் பையில் இருந்தது. பாதி வெளியே தெரிந்தது, என் பெயரோடு.

மாட்டைத் தொடக் கூடாதாம்! காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் கிடாவின் நெற்றியைத் தடவிக்கொடுக்கிற மனுஷன். அவர் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் கையைத்தான் வெட்ட வேண்டும். சொன்னேன், கேட்டார், வேண்டுமென்றே ஏற்றினார் என்றால் அது பொய். சொன்னேன், ஆனால் அவருக்கு... அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்லிவிட்டால் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளியங்கிரி வேறு அங்கேயே நிற்கிறார்.

இவரைப் பார்த்தேன். ஏழெட்டு அடி தள்ளி நின்றார். நான் சாக்கோ சார் பக்கமாகக் குனிந்து, எவ்வளவு மெல்லப் பேச முடியுமோ அவ்வளவு மெல்லச் சொன்னேன்:

"நாந்தானுங்க சொல்லாம உட்டுட்டேன். கருமாதிக்குப் போற அவசரத்துல மறந்துட்டேனுங்க. அவுரு மேல தப்பு இல்லீங்க. ஒரு வருஷம்னா ஒரு வருஷமுங்க, பரவால்லீங்க."

சாக்கோ சார் பேனாவைத் திறந்தார்.

"என்ன சொல்றா அவ?"

இவர்தான் கேட்டார். சத்தமாக. கையை அவிழ்த்துவிட்டு நேராக வந்து எங்கள் நடுவில் நின்றார்.

"அவ மெதுவாப் பேசுனா அது என்னைப் பத்தித்தானுங்க. வாய் அசையறது தெரியுது. என்ன சொன்னா? சொல்லவே இல்லைன்னா?"

டாக்டர் அவர் முகத்துக்கு நேரே திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, "உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்னு சொல்றாங்க" என்றார்.

இவர் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"பொய்யுங்க. இவளாவது, சொல்லாம இருக்கறதாவது? ஒண்ணுக்கு மூணு தடவை சொல்லியிருப்பா. எனக்குத்தானுங்க கேக்கலை." தன் காதைத் தொட்டுக் காட்டினார். "காது கேக்கறதில்லீங்க எனக்கு. அஞ்சாறு வருசம் ஆச்சு. அந்த டிரைவர் தம்பி என்ன கேட்டுதுன்னும் தெரியாதுங்க. எல்லாத்துக்கும் தலையாட்டறதுங்க. தலையாட்டிட்டாச் சனம் போயிருமுங்க."

இருபத்தேழு வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. நானும் ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். கத்தினேன், கத்திக்கொண்டே இருந்தேன், தோட்டம் பெரிசு என்றேன், காத்து என்றேன், டிவி எனக்கு என்றேன்.

அழுதேன். அத்தனை பேர் முன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கிண்டல் வரவில்லை அவர் வாயிலிருந்து.

சாக்கோ சார் பேனாவை மூடி வைத்தார். டாக்டர்தான் பேசினார். "சார், மாட்டைத் தொடுற ஆள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கணும். அதுதான விதி. நாம வீட்டுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டோம், மீதி ஆளை விட்டுட்டோம். தப்பு நம்ம பக்கமும் உண்டு."

கடைசியில் தீர்ப்பு இதுதான்: சான்று இன்றைக்கு இல்லை, அடுத்த லோடும் இல்லை. இவர் அடுத்த வகுப்பில் உட்கார்ந்து தேற வேண்டும். தேறினால் சான்று இரண்டு பேர் பெயரிலும் வரும். பையில் இருந்ததை சாக்கோ சார் உள்ளே தள்ளி மூடிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பழைய குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஜூலை 12, சனி

பொள்ளாச்சியில் காது டாக்டரைப் பார்த்தோம். கருவி வைத்தால் ஓரளவு கேட்குமாம். முழுக்கக் கேட்காது. அளவெடுத்திருக்கிறார்கள், வர நாளாகும்.

பஸ்ஸில் வரும்போது, "இத்தன நாளு நீ என்னென்ன சொன்னே?" என்று கேட்டார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ஓடு மாத்தச் சொன்னேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.

ஜூலை 14, திங்கள்

ஓடு மாற்றுகிறார்.

ஜூலை 21, திங்கள்

இன்றைக்கு அவருக்கு முதல் வகுப்பு. காலையிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தார். சட்டையை இரண்டு தடவை மாற்றினார். சொசைட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். நான் என்ன பாலர் பள்ளிக்கா போகிறேன் என்று கோபித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அவசரத்தில் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நான் போனேன். மாடிப்படி ஏறும்போதே பயமாக இருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இந்தப் பத்து நாளில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கூட்டமாக உட்கார்ந்தால் சொல்லாமல் இருப்பார்களா? அப்பாவுக்கு வைத்த பெயரை மகனுக்கும் வைத்துவிட்டால் இந்த மனுஷன் வகுப்பும் வேண்டாம், சான்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவார்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். முன் வரிசையில், டாக்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேசும்போது அவர் பக்கமாகத் திரும்பித் திரும்பியே பேசினார். பின்னால் இருபது பேர். பழக்கதோஷம், வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஏனுங்க!"

மாடியே அதிர்ந்தது. இருபது தலையும் திரும்பின. டாக்டரும் சாக்பீசைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். அவர் ஒருத்தர் மட்டும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் படியிலேயே உருண்டு செத்துப்போகலாம் போல இருந்தது.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருப்பதை அப்போதுதான் கவனித்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த தூக்குப்போசியைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்:

"என்ற சம்சாரமுங்க. நல்லாக் கூப்புட்டிருப்பாளே? எனக்கும் சேத்து நீங்க கேட்டுக்குங்க."

சிரித்தார்கள் பாருங்கள், அப்படிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே போய்ச் சாப்பாட்டை அவர் கையில் கொடுத்தேன்.